மாட்டுவண்டி பேட்ஜ்

வீண் பெருமைக்காக ஒரு பொய் சொல்லி, அப்பாவின் பிழைப்பைக் கெடுத்த புத்திசாலி நான்.

அப்பாவின் காரியம் முடிந்து, அக்காவும் நானும் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். துரு வாடையோடு, மாட்டுவண்டிச் சின்னம் போட்ட தகர பேட்ஜ் கைக்கு வந்தது.

எழுபதுகளில் ஒரு தேர்தல். பிரசார ஜீப்பிலிருந்து வீசிய அதைச் சிறுவனான நான் சட்டையில் குத்திக்கொண்டு, அப்பா நெல்லடித்த களத்துக்குப் போனேன். வேறு சின்னத்துக்காரரான பண்ணையார் கேட்டார்.

"உங்கப்பனா குத்திவுட்டான்?"

"ஆமாங்க."

உடம்பெல்லாம் தூசியோடு பக்கத்தில் நின்ற அப்பா மறுக்கவில்லை. மறுநாளிலிருந்து அங்கே வேலையில்லை. அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனவர், இருமலோடு திரும்பினார்.

அக்காவிடம் கேட்டேன். "'பய பொய் சொல்றான்'னு அப்பா சொல்லியிருக்கலாமேக்கா?"

"நாலு பேரு முன்னால ஒன்னப் பொய்யன்னு சொல்ல அவருக்கு மனசு வரலடா. நீதான் ஒன்னையே அப்பிடிச் சொல்லிக்கிறத இன்னைக்கு வரைக்கும் நிறுத்தல."