பின்பக்கம் திறக்கும் கதவு

ஐம்பது வயதை நெருங்கும்போது சில ஆண்களுக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். என் கணவருக்கு டிரெய்லர் ஆசை வந்தது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற, கல், மணல், பள்ளம் எதுவானாலும் ஏறி இறங்குகிற கேம்பர் டிரெய்லர். மகள் கல்லூரி விடுதிக்குப் போய் வீடு அமைதியான மாதத்தில் இது ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்ததும் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு வெளிநாட்டு வீடியோ பார்ப்பார். செம்மண் காட்டில் ஒரு தாடிக்காரர் டிரெய்லரின் பக்கவாட்டுப் பலகையை இழுப்பார். முழுச் சமையலறையே வெளியே வரும். இவர் பெருமூச்சு விடுவார். எங்கள் கல்யாண வீடியோவைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

“ஆஃப்ரோடு வண்டி நமக்கு எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“நீ கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு ரோட்டுல போனதே இல்லியா?” என்றார்.

நாலு வழிச்சாலை வேலை நடந்த காலத்தில் அந்த வழியாகப் போய்வந்த யாரும் அதற்குமேல் வாதாடமாட்டார்கள்.

அவர் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வெளியூர் போவதென்றால் முந்தின இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவது என் பழக்கம். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது. கிடைத்தாலும் புடவையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, மூக்கைப் பொத்த ஒரு கை, தாழ்ப்பாள் இல்லாத கதவை அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். கடவுள் எனக்கு இரண்டுதான் கொடுத்திருக்கிறார். அப்படி நாக்கு வறள ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து, நீர்க்கடுப்பும் குளிர்க்காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் படுத்தேன். இனி ஒருமுறை இப்படிச் செய்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று டாக்டரம்மா திட்டினார். அன்றிலிருந்து நான் தூரப் பயணத்தையே விட்டுவிட்டேன். சொந்தக்காரர் விசேஷங்களுக்கெல்லாம் இவர் தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு, எனக்கு ஒரு தாம்பூலப் பையோடு வருவார்.

ஆகவே சொன்னேன்: “வண்டியில கக்கூஸ் இருந்தா நான் வரேன். இல்லன்னா நீங்களும் அந்தத் தாடிக்காரரும் போய்ட்டு வாங்க.”

முதலில், இதையெல்லாம் ரெடிமேடாகச் செய்து விற்கும் ஒரு கம்பெனியைத் தேடி வெளியூர் போனார். அங்கிருந்து எனக்கு வீடியோ கால் வந்தது. திரையில் வண்டியின் அடிவயிறு மட்டும் தெரிந்தது. மனிதர் ஷோரூம் தரையில் மல்லாந்து படுத்து ஸ்பிரிங்கைக் காட்டிக்கொண்டிருந்தார். “பாத்ரூம் எங்க?” என்றேன். விற்பனையாளர் ஓடிப்போய் மடக்கு நாற்காலி போன்ற ஒன்றையும், குடைபோல விரிகிற ஒரு துணிக் கூண்டையும் கொண்டுவந்தார். “வெளிய நிறுத்திக்கலாம் மேடம், ரெண்டே நிமிஷம்” என்றார். நம் ஊர்ச் சாலை ஓரத்தில் அந்தக் கூண்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஐந்தாவது நிமிடம் நாலு பேர் வந்து, உள்ளே என்ன முகாம் நடக்கிறது, ஆதார் கார்டு வேண்டுமா என்று கேட்பார்கள்.

அது சரிப்படவில்லை. என் தம்பியிடம் கொடுத்துச் செய்வது என்று முடிவாயிற்று. அவனுக்குச் சிதம்பரத்தில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிகளுக்கு நெல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்கள் செய்கிறவன். படுக்கை வைத்த டிரெய்லரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சேற்றில் மாட்டினாலும் உடையாத அச்சு எது என்று தெரியும்.

“மாமா, ஒங்க தாடிக்காரரு வண்டி கல்லுலதான் போவும். நம்ம வண்டி நடவு வயலுலயே போவும்” என்றான். இவருக்கு வாயெல்லாம் பல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். சிதம்பரம் வரைக்கும் என்றால் எப்படியோ தாக்குப்பிடித்துவிடுவேன். பட்டறையின் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் டிரெய்லரை அசல் அளவில் வரைந்து வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கோட்டுக்குள் நடந்து பார்த்தேன். இது படுக்கை, இது இழுக்கிற அடுப்பு, இது தண்ணீர்த் தொட்டி, இது ஃபிரிட்ஜ், இது ஃபிரிட்ஜுக்கு பேட்டரி, இது ஸ்டெப்னி, இது ஸ்டெப்னிக்கு ஒரு ஸ்டெப்னி. ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்து கடைசிக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். என் நிபந்தனை எங்கேயும் இல்லை.

“எடம் பத்தலக்கா” என்றான் தம்பி, தலையைச் சொறிந்துகொண்டு.

“வழிபூரா பெட்ரோல் பங்க் இருக்கு” என்றார் இவர். “நிறுத்தினா ஆச்சி. இதப் போயி ஒரு பெரிய விஷயமா…”

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் சண்டை போடவில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர்; வகுப்பில் எதிர்த்துப் பேசுகிற பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிடுவோமே, அதைத்தான் செய்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி பட்டறைக்கு வரும்போது ஒரே ஒரு விதி: அவர் வழக்கம்போல எல்லாம் குடிக்கலாம், ஆனால் நான் போக முடியாத இடத்துக்கு அவரும் போகக்கூடாது. வேலி ஓரம், மரத்தடி, சுவர் எதுவும் ஆகாது. “இவ்ளோதானே” என்று சிரித்தார்.

அந்த ஞாயிறு வீட்டில் காபி குடித்தார். ஆலப்பாக்கத்தில் இளநீர். புதுச்சத்திரத்தில், வெயில் ஜாஸ்தி என்று, பெரிய டம்ளரில் கரும்புச்சாறு. நான் பக்கத்தில் உட்கார்ந்து மனதில் கணக்கு வைத்துக்கொண்டேன். பி.முட்லூர் வந்தபோது அவர் முணுமுணுத்துக்கொண்டு வந்த பாட்டு நின்றது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். பெண்கள் பக்கம் பூட்டியிருந்தது. ஆண்கள் பக்கம் திறந்திருந்தது. இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். அதற்கப்புறம் வேகத்தடை வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் வேகத்தடையில் அவ்வளவு மெதுவாக ஏறி நான் பார்த்ததில்லை.

பட்டறைக்குள் ஜீப் நின்றதும் தம்பி கைகாட்டினான். “பின்னாடி செவுரு இருக்கே மாமா.”

“ஒங்க அக்காவால அங்க போவ முடியாதாம்டா” என்றார். குரல் கம்மியிருந்தது.

தெருமுனை ஓட்டலுக்குக் கிட்டத்தட்ட ஓடினார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். கழிவறைச் சாவி கல்லாவில் இருந்தது. ஏதாவது சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சாவி என்றார் கல்லாக்காரர். “சீக்கிரமா என்ன வரும்?” என்று கேட்டார் இவர். “காபி” என்றார் அவர். காபி என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவரின் முகம் போன போக்கை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். சாவியை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காபியை நான் குடித்தேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் நேராகச் சாக்பீஸ் கோட்டுக்குள் போனார். செருப்புக் காலால் தரையில் இருந்த ஃபிரிட்ஜைத் தேய்த்து அழித்தார். பேட்டரியைப் பாதி அழித்தார். ஸ்டெப்னியின் ஸ்டெப்னியையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டார். பிறகு என்னிடம், “எத்தன வருஷமா இப்புடி?” என்று கேட்டார்.

“பொறந்ததுலேர்ந்து” என்றேன். அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்குப் பொங்கி வந்த அன்பை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் ஃபிரிட்ஜ் திரும்பி வந்துவிடும்.

கணவரை வென்றாகிவிட்டது, அத்தை மிச்சம் இருந்தார். அத்தை என்றால் என் மாமியார். எங்களோடு கடலூரில் இருக்கிறவர், மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டி எங்கேயும் போக விரும்பாதவர். சதுரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முகத்தைச் சுளித்தார்.

“அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவுல ஒரு தகரமா? சக்கரம் வெச்சிட்டா அது வீடு இல்லன்னு ஆயிடுமா? நாங்கல்லாம் அடக்கிகினு போவல?”

இவர் தாயாரை எதிர்த்துப் பேசமாட்டார். சதுரம் மறுபடி ஆட்டம் கண்டது. ஃபிரிட்ஜின் பெயர்கூட ஒருமுறை காதில் விழுந்தது. கடைசியில் தம்பிதான் நேரில் வந்து சாமர்த்தியமாகப் பேசினான்.

“அத்த, ஒங்க வீட்டுல கக்கூசு எங்க கீது… எங்க இருக்கு?” சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன், அத்தை முன்னால் நாக்கைத் திருத்திக்கொண்டான்.

“கொல்லையில.”

“வண்டிக்கும் கொல்ல உண்டு. பின்பக்கம். கதவ வெளியில தொறக்கற மாதிரி வெச்சிடறேன். உள்ளேர்ந்து வழியே கெடையாது. எறங்கி, சுத்திக்கினு போவணும், நம்ம வீட்டுல போறாப்புல. நடுவுல டபுள் செவுரு.”

“எனக்கென்ன, நான் வரப்போறதில்ல” என்றார் அத்தை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வண்டி தயாராகிப் பதிவெல்லாம் முடிந்து வாசலில் வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. ஐஸ்கிரீம் வண்டியா என்றார் ஒருவர். தேர்தல் வருகிறதா என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்தி, “யாரு தவறிட்டாங்க?” என்று கேட்டார். அடுத்த குழப்பம் பூஜை. வண்டி என்றால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் செய்தோம். பால் பொங்கிய பிறகு எலுமிச்சம்பழத்தின்மேல் வீட்டை ஏற்றிய குடும்பம் கடலூரில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அந்தச் சந்தோஷத்தில், முதல் பயணத்துக்கு வருவதாக அத்தை எப்படியோ தலையாட்டிவிட்டார்.

முதல் பயணம் வீராணம் ஏரிக்கரைக்கு. சிதம்பரத்தில் தம்பியை ஏற்றிக்கொண்டோம். ஊரைத் தாண்டியதும் நான் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, வாயிலிருந்து எடுக்காமல் குடித்து முடித்தேன். வேண்டுமென்றேதான் குடித்தேன். பக்கத்தில் அத்தை வறண்ட உதட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின இரவிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஏரிக்கரையில் ஒரு மண்பாதையில் இறங்கி நிறுத்தினார்கள். ஆண்கள் இரண்டு பேரும் பக்கவாட்டுப் பந்தல் துணியோடு மல்லுக்கட்ட, நான் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். தாழ்ப்பாள் ஒரே தள்ளில் விழுந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. மேலே சின்ன ஜன்னல் வழியாகக் காற்று வந்தது; கொக்குகள் எழும்புகிற சத்தம் கேட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கொஞ்சம் அழுதேன்.

வெளியே வந்தால் அத்தை நின்றிருந்தார்.

“தாப்பா விழுதா?” என்று கேட்டார்.

“விழுது அத்த.”

உள்ளே போனார். கதவுக்கு வெளியே நான் காவலுக்கு நின்றேன். காவல் தேவையில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. பழக்கதோஷம். வெளியே வந்து கை கழுவிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர், “அந்த பாட்டலக் குடு” என்றார். அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

“உன் மாமனாரு கன்னியாகுமரி போற பஸ்ஸு ஓட்டினாரு” என்றார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே மாமா இறந்துவிட்டார். அவரைப் பற்றி அத்தை அதிகம் பேசியதில்லை. “எனக்கும் பாஸு குடுப்பாங்க. வா வான்னு கூப்புடுவாரு. கடலுலேர்ந்து சூரியன் எழும்பறத காட்டறேம்பாரு. ஒரு தடவகூட நான் போவல.”

“ஏன் அத்த?”

“ராத்திரி பூரா ரோடு. பஸ்ஸ நிறுத்துனா ஆம்பளைங்க வரிசையா எறங்கிப் போவாங்க. நான் எங்க போறது? அத எப்புடி அவருகிட்ட சொல்றது? பஸ்ஸு வாசன ஒத்துக்கல, தல சுத்துதுன்னேன். என் வண்டின்னா அவளுக்கு எளப்பம்னு கடைசிவரைக்கும் சொல்லிகினு இருந்தாரு.”

இன்னொரு பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அதிலும் பாதியைக் குடித்துவிட்டுப் பந்தல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏன்டா, இந்த வண்டி கன்னியாகுமரி போவுமா?”

இவருக்குத் தலைகால் புரியவில்லை. துணியை அப்படியே தம்பியின் தலையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். அச்சின் பலம், டயரின் காற்று, எந்த ஊரில் இரவு தங்கலாம், எந்த வழி நல்ல வழி என்று ஆரம்பித்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

“ரோட்டயெல்லாம் நீ பாத்துக்க. கொல்லையில இருக்கற தண்ணி அவ்ளோ தூரம் வருமா, அத மட்டும் சொல்லு.”