மேசை மேல் வைத்த கால்

நெருப்பில் நடந்த கால் சுடவில்லை என்றால் அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? அருள் என்பீர்களா, நோய் என்பீர்களா? பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தெருவே அவசரப்பட்டது. அதனால் ஒரு பெண் தன் இரண்டு கால்விரல்களை இழந்தார். காலையே இழந்திருக்க வேண்டியவர்.

அவர் பெயர் வேம்புலியம்மாள். ஐம்பதைத் தாண்டியவர். அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் படிக்கட்டுகளைப் பெருக்கித் துடைப்பது அவர் வேலை. அந்தக் கட்டடம் நிற்கும் மண் ஒரு காலத்தில் அவருடைய மாமனார் உழுத மண். புதிதாகக் குடிவந்த மென்பொருள் நிறுவன ஊழியர் ஒருவர், இந்த ஏரியா முன்பு எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டாராம். "நீங்க குளிக்கிற ரூம் கீதே சார், அங்கதான் எங்க மாமனாரு கத்திரிக்கா போட்டிருந்தாரு" என்று சொல்லிவிட்டு வேம்புலியம்மாள் அடுத்த படிக்கட்டுக்குப் போய்விட்டார். கேட்டவர் சிரித்தார். சொன்னவர் சிரிக்கவில்லை.

கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. மகள் சுரேகா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இயந்திர உதிரிபாகங்களைச் சரிபார்க்கிறாள். தாயும் மகளும் சம்பாதித்துத் தாயும் மகளும் சாப்பிடுகிற வீடு.

வேம்புலியம்மாளுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மாதம் தவறாமல் சுகாதார நிலையத்துக்குப் போவார். வாசலில், காலணிகளை வெளியே விடவும் என்று எழுதியிருக்கும். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இத்தனை வருடமும் அந்த வெறுங்கால்கள் மருத்துவரின் மேசைக்கு அடியில்தான் இருந்தன. ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

ஒருமுறை அவரே வாய்விட்டுச் சொன்னார், பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்று. வயதாகிவிட்டதல்லவா என்று பதில் வந்தது. பிறகு நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடக்க ஆரம்பித்தது. அது கழன்றதுகூடத் தெரியாமல் அவர் நடந்து போய்க்கொண்டிருப்பார். கூட வேலை செய்கிறவர்கள் எடுத்து வந்து கொடுத்துக் கேலி செய்வார்கள். யார் மேல் ஞாபகம் என்பார்கள். அவரும் பதிலுக்கு ஒரு சினிமாக்காரன் பெயரைச் சொல்வார்.

அது ஞாபகமறதி இல்லை. சர்க்கரை அவருடைய பாதத்து நரம்புகளை அரித்துக்கொண்டிருந்தது. குளிர், சூடு, வலி எதுவும் தெரியாத கட்டைபோலக் கால் மாறிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களை ஒவ்வொன்றாக லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டால் போதும். அவர் பெருக்கும் அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஒருவருக்கு அதே நோய். அவருக்கு வருடாவருடம் கம்பெனி ஏற்பாட்டில் பாதப் பரிசோதனை நடக்கிறது. ஒரே நோய், ஒரே கட்டடம். அதில் லிஃப்டில் போகிறவருக்குக் கால் இருக்கும், படியைத் துடைக்கிறவருக்கு இருக்காது என்றால், அதை விதி என்று சொல்கிறவனை நான் மனிதனாக மதிக்க மாட்டேன்.

ஆடி மாதம் வந்தது. கங்கையம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வேம்புலியம்மாள் தீ மிதிக்க வேண்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் புடவை, கையில் காப்பு, காலில் மஞ்சள் குழம்பு. மற்றவர்கள் தீக்குழியை ஓடிக் கடந்தார்கள். இவர் நடந்தார். நடுவில் நின்று அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி நிதானமாக நடந்து பால்குழியில் இறங்கினார். ஆத்தா வந்துவிட்டாள் என்று கோயில் தர்மகர்த்தா ஏகாம்பரம்தான் முதலில் சொன்னார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த சில நாட்கள் அவர் வீட்டு வாசலில் கூட்டம். பெண்கள் வந்து அவர் பாதத்தில் மஞ்சளும் குங்குமமும் பூசி விழுந்து கும்பிட்டார்கள். குடியிருப்பில் அவரை ஏய் என்று கூப்பிடும் சூப்பர்வைசர்கூடக் கைகூப்பினார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க அதட்டலையே கேட்டவர், வணக்கம் வந்தால் காலை இழுத்துக்கொள்வாரா? காப்பு அவிழ்க்கும்வரை அந்தக் காலைத் தேய்த்துக் கழுவக்கூடாது என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தார். கழுவவில்லை. மேலே மேலே பூசிய மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அடியில் கொப்புளங்கள் உடைந்து சீழ் பிடித்தன. வலித்திருந்தால் தெரிந்திருக்கும். வலிக்கவில்லை.

நாற்றத்தை முதலில் உணர்ந்தவள் சுரேகா. காப்பு அவிழ்த்த அன்று வெந்நீர் வைத்து அம்மாவின் காலைக் கழுவினாள். மஞ்சள் கரைந்து ஓடியதும் சுண்டு விரல் கறுத்திருப்பது தெரிந்தது. உள்ளங்காலில் ஒரு பள்ளம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இன்றே சேருங்கள், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். வேம்புலியம்மாள் எழுந்து வந்துவிட்டார். நகரத்துக்குள் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே இரண்டு விரல்களை எடுத்தார்கள், செத்த சதையைச் சுரண்டினார்கள், காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். அனுப்பும்போது இரண்டு கட்டளை போட்டார்கள். தினமும் கட்டு மாற்ற வேண்டும். அந்தக் காலை ஊன்றக்கூடாது. உங்கள் ஏரியா சுகாதார நிலையத்திலேயே கட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

சுகாதார நிலையத்தில் வேறு பேச்சு. இவ்வளவு பெரிய புண்ணுக்கு இங்கே கட்டுவதில்லை, எங்கே அறுத்தார்களோ அங்கேயே போங்கள் என்றார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் ஏறக் காலை ஊன்ற வேண்டும். ஊன்றினால் புண் ஆறாது. தினமும் ஆட்டோவில் போக அவர் என்ன மேல்மாடிக்காரரா? இப்படித்தான் ஏழையின் கால் போகிறது. யாரும் கத்தியை எடுத்து வெட்டுவதில்லை. அங்கே போ, இங்கே போ என்கிறார்கள். நடுவழியில் அது தானாக அழுகிப்போகிறது.

ஏகாம்பரம் பழத்தோடு பார்க்க வந்தார். ஆத்தா உன்னைச் சோதிக்கிறாள், பொறுமையாக இரு என்றார். வேம்புலியம்மாள் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"அவ மேல இன்னாத்துக்கு அண்ணாத்தே பழி போடுற? கால பாக்கறதுக்கு சம்பளம் வாங்கிகினு குந்திகினு கீறது அவளா?"

மறுநாள் காலை, மகளின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தி ஆட்டோவில் ஏறிச் சுகாதார நிலையத்துக்குப் போனார். சர்க்கரை நோயாளிகள் வரும் நாள் அது. வரிசை வாசல்வரை நின்றது. தன் முறை வந்ததும் உள்ளே போய் மருத்துவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். மருத்துவர் இளைஞர், காலையிலிருந்து தலை நிமிராதவர். மாத்திரைதானே என்றார். வேம்புலியம்மாள் புடவையை ஒதுக்கி, கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி அவர் மேசை மேல் வைத்தார்.

பெரியவர்கள் முன்னால் கால் நீட்டினாலே குற்றம் என்று வளர்ந்த ஊர் இது.

"அம்மா, காலைக் கீழ வைங்க. இது டேபிள்."

"இந்தக் காலுல தெருவே வுழுந்து கும்பிட்டுச்சு நைனா. நீ கும்பிட வேணாம். பாரு, போதும்."

"இங்க இவ்ளோ பெரிய டிரஸ்ஸிங் பண்றதில்லம்மா."

"பஞ்சு இல்லையா, கத்திரி இல்லையா, கை இல்லையா? எது இல்லன்னு சொல்லு, நான் போய் வாங்கிகினு வரேன். இத்தினி வருசமா டேபிளுக்குக் கீழ இருந்துச்சி, ஒருத்தரும் குனிஞ்சி பாக்கல. அதான் தூக்கி மேல வெச்சேன்."

மருத்துவர் அடுத்தவரை அழைத்தார். அடுத்து நின்றவர் முனியம்மா, மாங்காடு மார்க்கெட்டில் மீன் விற்பவர். மற்ற நாட்களில் டோக்கனுக்காக முன்னால் நிற்பவரின் முடியைப் பிடிக்கத் தயங்காதவர். அன்று கதவுக்கு வெளியிலேயே நின்று, அந்தம்மா காலைப் பார்க்காமல் நாங்கள் யாரும் உள்ளே வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார். வரிசையில் இருந்த ஒருவரும் நகரவில்லை. வேலைக்குப் போக வேண்டியவர்கள், பசியோடு வந்தவர்கள், எல்லாரும்தான்.

நிஷா என்ற ஒப்பந்தச் செவிலியர் மருத்துவர் வாயிலிருந்து உத்தரவு வரக் காத்திருக்கவில்லை. தட்டை எடுத்து வந்து மேசை மேலேயே கட்டைப் பிரித்தார். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு முதன்முறையாக அந்தப் பாதத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, நாளைக்கும் வாங்க என்றார்.

அந்த மருத்துவர் எதிரியில்லை. நூறு பேருக்கு ஒருவரை உட்காரவைத்து, ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் என்று அளந்து கொடுத்து, அதற்கு மக்கள் நலம் என்று பெயர் வைக்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு கால் கறுத்தால் ஒரு நிமிடம் போதுமா?

புண் ஆறியது. வேம்புலியம்மாள் மூன்று விரல் பாதத்தோடு, அதற்கேற்ற செருப்போடு மறுபடி படிக்கட்டு துடைக்கிறார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. முனியம்மா முதலில் காலை நீட்டினார். பிறகு வரிசையே நீட்டியது. வாரத்தில் ஒரு நாள் நிஷா எல்லார் பாதத்தையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். உணர்வில்லாத கால்கள் எத்தனையோ வெளியே வந்தன. அடுத்த ஆடியில் கால் மரத்தவர்களைத் தீக்குழிப் பக்கம் விடக்கூடாது என்று வேம்புலியம்மாள் கோயிலில் சண்டை போட்டார். ஏகாம்பரம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவருக்கும் சர்க்கரை.

இப்போது நிஷாவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கால் பார்க்கும் நாளும் அவரோடு போய்விட்டது. அது எந்த உத்தரவிலும் இல்லாத வேலை, ஒரு பெண்ணின் நல்ல மனதில் நடந்த வேலை. ஏழைக்குச் சேர வேண்டியதை நல்ல மனதை நம்பி விட்டால் இப்படித்தான் ஆகும். வேம்புலியம்மாளின் இன்னொரு பாதமும் மரத்திருக்கிறது. அதைப் பார்க்க ஆளில்லை. அவர் ஒவ்வொரு வாரமும் முனியம்மாவோடும் இன்னும் சிலரோடும் அங்கே போய், செவிலியர் எங்கே என்று கேட்டுவிட்டு வருகிறார். பத்துப் பெண்கள் கேட்பது அங்கே சத்தமாகத்தான் தெரிகிறது, கேள்வியாகத் தெரியவில்லை.

அதனால் நீங்களும் போங்கள். ஆவடியோ பூந்தமல்லியோ, உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை எந்த நாளில் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் பார்ப்பதில்லை என்றால், என்றைக்கு ஆள் வரும் என்று உங்கள் கவுன்சிலரின் வாசலில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்கள் கட்டடத்தைத் துடைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதில் வரும்வரை வரிசையை விட்டு நகராதீர்கள்.