லவால் பேஸ்மெண்டில் ஓர் எலிப்டிகல்

போன ஞாயிறு, மொன்றியலுக்குப் பக்கத்தில் இருக்கிற லவாலுக்கு ஓர் எலிப்டிகல் மெஷின் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை.

பேய்க்கதை சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பேய் மேலும் நம்பிக்கை இல்லை, பேய் ஓட்டுகிறவன் மேலும் நம்பிக்கை இல்லை. கண்டதைச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

முதலில், எனக்கு எதற்கு எலிப்டிகல்? டொக்டர் சொன்னார். சீனி ஏறிவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது, ஓடாதே, ஆனால் சும்மாவும் இருக்காதே என்றார். நட என்றார். ஜனவரியில் மொன்றியலில் எங்கே நடப்பது? நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். இடுப்பு முறிந்தால் அதற்கும் அவரிடம்தான் போக வேண்டும்! அப்போதுதான் இந்த மெஷினைச் சொன்னார். நின்றபடி காலால் மிதிக்க வேண்டும், கையால் இரண்டு தடிகளைத் தள்ளி இழுக்க வேண்டும். பாதம் மிதியை விட்டுக் கிளம்பாது. முழங்காலுக்கு அடி இல்லை.

சரியென்று கடை கடையாக ஏறி இறங்கினேன். நல்லவை எல்லாம் எனக்கு எட்டாத விலை. எட்டுகிற விலையில் இருந்தவை... ஏறி நின்றால் பழைய பஸ் மாதிரி ஆடுகின்றன. காலை வீசி வைக்க இடமில்லை. நடக்கிற மாதிரி இல்லை, நின்ற இடத்தில் குதிக்கிற மாதிரி இருக்கிறது. விற்கிறவர் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரையைத்தான் காட்டினார். இதோ கலோரி, இதோ தூரம், இந்தத் தகட்டைப் பிடித்தால் இதோ உங்கள் இதயத் துடிப்பு.

இரும்பைக் குறைத்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மலிவு என்றால் வேறென்ன?

புதுசில் மட்டமானதை வாங்குவதைவிடப் பழசில் திறமானதை வாங்கு — இது என் கொள்கை. மொன்றியலில் பார்க் எக்ஸ் பகுதியில் நம்மவர் பலசரக்குக் கடை வாசலில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. எலிப்டிகல் விற்பனைக்கு. அதில் இருந்த நம்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். ரமணன் என்ற இளைஞர் பேசினார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். பாவிக்க ஆளில்லை என்றார். முன்பு பாவித்தது யார் என்றேன். அப்பா. இலையுதிர் காலத்தில் இதயம் நின்று போய்விட்டாராம்.

என் மனைவி பிடித்துக்கொண்டாள். செத்தவருடைய சாமானை வீட்டுக்குள் எடுப்பதா? நம்மவர்கள் செத்தவரின் உடுப்பை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். படுத்த கட்டிலைக்கூட வெளியே போடுவார்கள். இங்கே கனடாவுக்கு வந்தும் அது மாறவில்லை. நான் கேட்டேன் — நாம் இருக்கிற இந்த அப்பார்ட்மெண்டில் நமக்கு முன்னால் எத்தனை பேர் செத்தார்களோ, வாடகைக்கு எடுக்கும்போது விசாரித்தாயா? அவள் சீலைத் தலைப்பை உதறிவிட்டுப் போனாள்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். லவாலில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி. பனி மூடினால் இன்னும் ஒரே மாதிரி. ரமணன் கதவைத் திறந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை அடையாளம் கண்டார் — நான் பத்திரிகையில் கிழமைக்கொருதரம் எழுதுகிற இந்தப் பத்தியை அம்மா தவறாமல் வாசிக்கிறவராம். பிறகு குரலைத் தணித்தார்.

“அங்கிள், அம்மா கீழதான் இருக்கிறா. விக்கிறது அவவுக்கு விருப்பமில்லை. ஆனா நான் வித்தே ஆகோணும். சாப்பாட்டுக்கும் மேல வாறா இல்லை. இப்பிடியே போனா அவவும் போயிடுவா.”

எரிச்சல் வந்தது. இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இருக்கிற சாமானை நான் ஏன் தூக்க வேண்டும்? ஆனால் வந்தாகிவிட்டது. இறங்கினேன்.

பேஸ்மெண்ட் ஜன்னலைப் பனி முழுதாக மூடியிருந்தது. வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி உள்ளே வந்தது. சவர்க்கார மணம். சுவருக்குப் பின்னால் ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. மூலையில் அந்த எலிப்டிகல். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் ஓர் அம்மா. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பார்களே, அப்படி இருந்தார். முன்னுக்குக் குனிந்து, கையை மடியில் வைத்து.

மெஷினின் இரண்டு கைபிடிகளின் மேலும் ஒரு சாரம் போட்டிருந்தது. ஆண்கள் வீட்டில் இடுப்பில் கட்டுகிற, நீலக் கட்டம் போட்ட சாதாரணச் சாரம்.

திரை எரிந்துகொண்டிருந்தது. சின்ன இதயப் படம் ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. பக்கத்தில் எழுபத்திரண்டு. பிறகு எழுபது. பிறகு எழுபத்து நான்கு.

மெஷினில் யாரும் ஏறியிருக்கவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா திரும்பாமலே கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி. இப்ப நல்லா ஓடுது.”

நான் ஓரடி பின்வாங்கினேன். ஏன் மறைக்க வேண்டும்?

ரமணன்தான் பேச்சை மாற்றினார். அங்கிள் மெஷினைப் பார்க்க வந்திருக்கிறார், ஏறிப் பார்க்கட்டும் என்றார். அந்த அம்மா மறுக்கவில்லை. வந்தவர் மனம் கோணக் கூடாதே. எழுந்து, சாரத்தை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். நித்திரை கொள்ளும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி. திரையில் எண் அழிந்தது.

ஏறினேன். அருமையான மெஷின் — அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டமில்லை, சத்தமில்லை, கால் நன்றாக வீசிப் போகிறது. கடையில் இருந்த எதுவும் இதற்குக் கிட்ட நிற்காது. கைபிடியில் இருந்த தகடுகளை இறுக்கிப் பிடித்தேன். திரையில் இரண்டு கோடுகள். எண் இல்லை. இன்னும் இறுக்கினேன். மிதித்தேன். மூச்சு வாங்கியது. நெஞ்சு அடிப்பது என் காதுக்கே கேட்டது.

இரண்டு கோடுகள்.

“உங்களுக்குக் காட்டாது,” என்றார் அந்த அம்மா. குரலில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. “எனக்கும் காட்டேல்லை. இவனுக்கும் காட்டேல்லை.”

நான் இறங்கினேன். அவர் சாரத்தைத் திரும்பக் கைபிடிகளில் போட்டார். இதயப் படம் எரிந்தது. எழுபத்திரண்டு.

உயிரோடு நிற்கிற மூன்று பேருக்கு இல்லாத நாடி, செத்தவரின் சாரத்துக்கு இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? படியேறி ஓடியிருப்பீர்கள். என் காலும் படிப்பக்கம்தான் திரும்பியது.

அந்த நேரம் அந்த அம்மா, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று மேலே போனார். எத்தனை நாளுக்குப் பிறகு மேலே ஏறுகிறாரோ என்று ரமணன் வாயைப் பிளந்து பார்த்தார்.

நான் சாரத்தைத் தொட்டேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. கதிரைக்குக் கீழே ஒரு வாளியில் தண்ணீர்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. நாடி பார்க்கிற அந்தத் தகடுகளுக்கு ஈரம் வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டரில் காய்ந்த கை அவற்றுக்கு வெறும் கட்டை. உடுப்புத் தோய்க்கிற வோஷர் மேல் கிடந்த ஒரு பழந்துணியை வாளியில் நனைத்தேன். சாரத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டேன்.

எழுபத்து மூன்று.

தரை துடைக்கிற துணிக்கு நாடி! சிரித்தே விட்டேன். ரமணன் சிரிக்கவில்லை. அவர் முகம் வேறு மாதிரிப் போய்விட்டது.

பிறகு சொன்னார். அப்பா செல்வராசாவுக்கு, விமான நிலையம் இருக்கிற டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. வேலையால் வந்ததும் இதில்தான் ஏறுவாராம். முடிந்ததும், மேலே சமைத்துக்கொண்டிருக்கிற மனைவிக்குக் கேட்க, எண்ணைக் கூப்பிட்டுச் சொல்வாராம். எப்போதும் எழுபதும் சொச்சமும். நெஞ்சு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னபோது, டொக்டரிடம் போவோம் என்று மகன் கேட்டிருக்கிறார். அப்பா திரையைக் காட்டினாராம்.

“வேர்த்த கையோட பிடிச்சிருப்பார்,” என்றார் ரமணன். “அப்ப அதுவும்... இந்தத் துணிக்குக் காட்டின மாதிரித்தானா அங்கிள்?”

 கலோரிக்குப் பக்கத்தில் ஒரு பொய்யை எரியவிட்டு விற்கிறார்கள். அதை நம்பி ஒரு மனுஷன் நெஞ்சைத் தடவிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திரையை உடைத்திருப்பேன்.

ரமணன் என் கையைப் பிடித்தார். “அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவா. அதுக்குப் பிறகு இதை விட்டிடுவா.”

பட்டென்று சொல்கிறவன் என்றுதான் எனக்குப் பெயர். ஆனால் இதைச் சொன்னால் இரண்டு சாவு. இப்போது ஓடுகிற நாடி பொய். கணவர் கீழே நின்று கூப்பிட்டுச் சொன்ன நாடி எல்லாமும் பொய். சொல்லாமல் விட்டால்? அந்த அம்மா இந்தக் கதிரையிலேயே காய்ந்து போவார்.

சொல்வது என்று முடிவெடுத்தேன். அவர் தட்டத்தோடு படியிறங்கி வந்தார். பழந்துணி மெஷினில்தான் கிடந்தது. எடுக்க மறந்துவிட்டோம். இதயப் படம் எரிந்துகொண்டிருந்தது.

அவர் பார்த்தார். தட்டத்தை வோஷர் மேல் வைத்தார். எனக்கு ஒரு கோப்பையை நீட்டினார். மகனுக்கு ஒன்று. பிறகு பழந்துணியை எடுத்துப் பிழிந்து ஓரமாகப் போட்டார்.

“அக்கா...” என்று தொடங்கினேன்.

“பழந்துணிக்கும் காட்டும் தம்பி. துவாய்க்கும் காட்டும். எல்லாம் போட்டுப் பார்த்திட்டன்.” கதிரையில் இருந்தார். “காய்ஞ்சா நிண்டிடும். அதுதான் நனைச்சு நனைச்சுப் போடுறன்.”

ரமணன் கோப்பையைக் கீழே வைத்தார். “தெரிஞ்சுகொண்டும் ஏனம்மா?”

அவர் மகனைப் பார்த்துப் பேசவில்லை. மெஷினைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஆஸ்பத்திரியில தந்த உடுப்பு பின்பக்கம் திறந்தது. அவருக்கு ஒரே வெக்கம். வீட்ட இருந்து சாரம் கொண்டு வா எண்டார். அங்கயும் ஒரு பெட்டியில நம்பர் நல்லாத்தான் காட்டினது. அதை நம்பித்தான் எழும்பி வந்தனான். தோய்ச்சு, கெதியாக் காயட்டும் எண்டு இதில போட்டிட்டு, மேல அவருக்குக் கஞ்சி வச்சன். சாரம் காய முதல் ஃபோன் வந்திட்டுது. ஓடிப் போனா பெட்டியை நிப்பாட்டிப் போட்டாங்கள். திரையில ஒண்டுமில்லை.”

சாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“திரும்பி வந்து இறங்கினன். சாரம் இதில கிடக்குது. ஈரம். திரையில இதயம் எரிஞ்சு எரிஞ்சு அணையுது.” சாரத்தின் விளிம்பை வாளியில் தோய்த்தார். “அங்க நிப்பாட்டினது ஆரோ. இதை நான்தான் நிப்பாட்டோணும் தம்பி. இன்னும் மனம் வரேல்லை.”

தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி போட்டிருந்தார். குடித்தேன்.

வாசலில் சப்பாத்து மாட்டும்போது, கடை வாசலில் ஒட்டிய துண்டைக் கழற்றிவிடச் சொன்னேன் ரமணனிடம். நீங்களும் இப்படிச் சொன்னால் எப்படி அங்கிள் என்றார். பிறகு விக்கலாம் என்றேன். அம்மாவை மேலே கூப்பிடுவதற்குப் பதில் நீ சாப்பாட்டுத் தட்டோடு கீழே போய்ப் பக்கத்தில் இரு என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

உண்மையை முகத்தில் அடித்துவிட்டால் ஆட்கள் திருந்துவார்கள் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது முன்பே தெரியும் என்று ஒரு நிமிடமாவது யோசிக்கிறோமா? தெரிந்துகொண்டுதான் பல பேர் பல துணிகளை நனைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரமணன் நேற்றுத் தொலைபேசி எடுத்தார். இரண்டாவது கதிரை ஒன்றைக் கீழே கொண்டுபோய்ப் போட்டாராம். அங்கேயே சேர்ந்து சாப்பிடுகிறார்களாம். மெஷின் அதே மூலையில்தான்.

லவாலில் ஒரு சாரம் இன்னும் ஈரமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.