பார்க்காத ஸ்லைடு

மாமாவின் இடுப்பில், லுங்கி முடிச்சுக்குச் சற்றுக் கீழே, பீடியால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. வலியில்லை, அரிப்பில்லை என்றார். பார்த்ததுமே டாக்டர், "உண்ணி கடிச்சிருக்கு" என்றார். மாமா என் அக்காவின் கணவர். ஆம்பூரிலிருந்து தோல் ஏற்றிக்கொண்டு கல்கத்தா வரை போய்வருகிற லாரி டிரைவர். வழியில் ஒடிசாவின் காட்டோரங்களில் வண்டியை நிறுத்தி, புல்லில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். இந்த முறை காய்ச்சலோடு திரும்பியிருந்தார்.

டாக்டர் இரண்டு பரிசோதனைகள் எழுதினார். ஒன்று உண்ணிக் காய்ச்சலுக்கு, மற்றது மலேரியாவுக்கு. ஒடிசா போய்வந்தவர் என்பதால் இரண்டாவதை அடிக்கோடிட்டிருந்தார். லேப்பில் டெக்னீஷியன் நான்தான். ரத்தத்தை ஸ்லைடில் தடவி, சாயமேற்றிக் காயவைத்தேன். அதற்குள் உண்ணிக் காய்ச்சல் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. மழைக்காலம், வாசல்வரை காய்ச்சல்காரர்கள் காத்திருந்தார்கள். காரணம்தான் தெரிந்துவிட்டதே என்று, ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைக்காமலேயே மலேரியாவுக்கு நேராக 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே உடம்பில் இரண்டு காய்ச்சலும் சேர்ந்திருக்கலாம் என்று படித்தவன்தான் நான்.

வெறும் உண்ணிக் காய்ச்சல் என்றால் மாத்திரை தொடங்கி இரண்டு நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும். மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"மாத்திர ஒழுங்காத்தான்டா குடுக்கறேன். மதியமானா தூக்கித் தூக்கிப் போடுது. கம்பளி போத்தியும் நடுக்கம் நிக்கல. ஒண்ணுக்கு கட்டங்காப்பி மாரி போறாரு. இன்னாடா இது?"

போனை வைத்தேன். பெட்டியிலிருந்து அந்த ஸ்லைடைத் தேடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்த இடமெல்லாம் சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன வளையங்களாக மலேரியாக் கிருமிகள். மூன்று நாளாக அங்கேயே இருந்திருக்கின்றன. டாக்டரிடம் ஓடினேன்.

"அன்னிக்கு இல்லன்னு குடுத்தியே?"

"பாக்காம எழுதிட்டேன் சார்."

அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மாமாவின் சிறுநீரகம் தடுமாறியது. டயாலிசிஸ் செய்தார்கள். மலேரியாவுக்கான ஊசியும் உண்ணிக் காய்ச்சல் மருந்தும் சேர்ந்து ஏறின. நான் உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். ஒன்பதாம் நாள்தான் அவர் கண் தெளிந்து, "டீ கெடைக்குமா மச்சான்?" என்று கேட்டார்.

அக்கா மருந்து வாங்கப் போயிருந்தபோது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். மாமா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்க அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"சொல்லாத. தாங்க மாட்டா."

மாமா மறுபடி லாரி ஓட்டுகிறார். ஒரு பரிசோதனையில் விடை கிடைத்துவிட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பதற்றம்தான் கூடுகிறது. மற்றதைப் பார்த்து முடிக்காமல் எழுந்திருக்க முடிவதில்லை. போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் விருந்து. என் இலையில் இன்னொரு வடையை வைத்தபடி வந்தவர்களிடம் சொன்னாள்: "எங்க தம்பி மட்டும் கண்டுபுடிக்கலன்னா இவரு இன்னிக்கு இல்ல." மாமா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் குனிந்துகொண்டேன்.