மூன்றாவது தடவை

அருவிக்குப் போகலாம் என்று முடிவானதுமே அம்மா சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"காட்டுல யாரையும் பேரு சொல்லிக் கூப்புடாதீங்க. உங்கள யாராச்சும் கூப்புட்டாலும் மூணாவது தடவதான் ஏன்னு கேக்கணும். பேயிக்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்புட வராது."

அண்ணன் சிரித்தான். சிரித்தானே தவிர மீறமாட்டான். அப்பா போனபிறகு அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை அவன்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில் சுங்காய் பக்கம் நாங்கள் கூலிக்குப் பால் எடுத்த தோட்டத்தை விற்கப்போகிறார்கள், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போடுவார்கள், லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று தினமும் அதே புலம்பல். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது. அண்ணனுக்கு ஈப்போவில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். வாடகைக்கு ஒரு வீடும் பார்த்தாயிற்று. அம்மாவும் நானும் பால் வாளியைத் தலைமுழுகிவிட்டு அவன் பின்னால் போவதாக ஏற்பாடு. அவனை வழியனுப்பத்தான் லயத்து இளசுகள் இந்தப் பயணத்தையே கிளப்பினார்கள்.

லோரியில் ஏறி, காம்பார் தாண்டி மலையடிவாரத்தில் இறங்கினோம். லோரி ஓட்டி வந்தவர் கடைசி லயத்து அண்ணன். வருஷா வருஷம் ஆட்களைக் கூட்டிப் போகிறவர் என்பதால் அவர்தான் எங்களுக்குத் தலைவர். காட்டு வாசலில் எங்களை நிறுத்தி அவரும் சட்டம் போட்டார்.

"பேரு சொல்லக்கூடாதுலா. கூப்புடணும்னா ரெண்டே தடவதான். மூணாவது கூப்புட்டா வேற ஏதாச்சும் வந்து நிக்கும், நம்ம பின்னாலயே வீடு வரைக்கும் வரும்."

அவர் தாத்தா கப்பலேறிய ஜில்லா வேறு, எங்கள் தாத்தாவின் ஜில்லா வேறு. பேய்க்கும் ஜில்லாவுக்கு ஜில்லா சட்டம் மாறும்போலிருக்கிறது. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அண்ணன் அப்போது லோரிக்குப் பின்னால் சோற்றுக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தான்.

ஏறும்போது ஒரே கேலிதான். அட்டை கடித்த காலைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஆட, "பஸ்ஸு வருது, ஒதுங்கு ஒதுங்கு" என்று அண்ணனின் கூட்டாளிகள் அவனை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அருவித் தண்ணீர் பல் கிட்டும் குளிர். பாறைமேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறும் நெத்திலிச் சம்பலும் தின்றோம். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மலைமேல் கருத்துக்கொண்டு வந்தது. மேலே மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று அடித்துக்கொண்டு வரும், கிளம்புங்கள் என்று லோரி அண்ணன் விரட்டினார். பாதி வழி இறங்கியபிறகுதான் குண்டான் ஞாபகம் வந்தது. கோயில் குண்டான் அது. இரவல் வாங்கி வந்தது.

"அத விட்டுட்டுப் போனா அம்மா என்னைய வீட்டுலயே சேக்காது. நீங்க போய்க்கிட்டே இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் திரும்பி ஏறினான்.

கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்து காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. அவன் வரவில்லை. ஏறிப் போய், ஆறு வளையும் மேட்டில் நின்று பார்த்தோம். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டது. அவனுடைய கூட்டாளி "மச்சான்" என்று இரண்டு தடவை கத்தினான். நான் "அண்ணே" என்றேன். மறுபடியும் "அண்ணே" என்றேன். மூன்றாவதாக வாயைத் திறந்தபோது லோரி அண்ணன் என் வாயைப் பொத்திவிட்டார்.

"போதும்லா, ரெண்டாச்சி. இங்க இருந்தா பதில் குடுத்திருப்பான்ல? குறுக்க எறங்கி லோரிகிட்ட நிப்பான், வா."

நான் திமிறினேன். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். லோரியிடம் யாரும் இல்லை. அதற்குள் இருட்டிவிட்டது, மழையில் மறுபடி ஏற முடியவில்லை.

மறுநாள் காலையில், மலையில் குடியிருக்கும் அஸ்லி ஆட்கள்தான் அவனைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தார்கள். நாங்கள் நின்று கத்திய அதே மேட்டுக்கு நேர் கீழே, பாறை மறைவில் கிடந்திருக்கிறான். வழுக்கி விழுந்து, உருண்டு வந்த பாறைக்கு அடியில் இடது கால் மாட்டிக்கொண்டது. ராத்திரி முழுக்க நசுங்கிக் கிடந்த காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கால் இல்லாமல் பஸ்ஸில் கிளட்ச் மிதிப்பது எப்படி? வேலை வேறு ஆளுக்குப் போனது. ஈப்போ வீடும் போனது.

ஆஸ்பத்திரியில் அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "ஏய்யா, இவ்வளவு பேரு கூப்புட்டாங்களே, ஒனக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சிம்மா. மொதல்ல நான்தான் கத்திக் கத்திப் பாத்தேன், ஒருத்தரும் வரல. அப்பறமா தங்கச்சி கொரலு கேட்டுச்சி. ரெண்டு தடவ. மூணாவதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

அம்மாவின் கை அவன் தலையிலேயே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. எனக்குத்தான் அந்த லோரிக்காரரின் கையைக் கடிக்காமல் விட்டோமே என்று வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த வருஷம் தோட்டம் கைமாறியது. ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிய குட்டைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் ஒண்டினோம். அம்மா சீனன் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவினாள். அண்ணன் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அம்மா இருந்தவரை அவனை ஒரு தடவைகூட வாய் திறந்து கூப்பிடவில்லை. சோறு போட்டதும் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவாள்.