ஞாயிற்றுக்கிழமைப் பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் தலையில் கிளிப் போட்டு மாட்டியிருந்த கேமராவில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. அது எரிந்தால் அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனாருக்கு நாங்கள் தெரிகிறோம் என்று அர்த்தம். அந்தச் சில மாசங்கள் அது எரிவதற்கு முன்னால் நான் அறை முழுக்க ஒரு தடவை கண்ணை ஓட்டிவிடுவேன். கேமராவுக்கு முன்னால் என் மாமியார் நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். மாமனார் இறந்து கருமாதியும் முடிந்திருந்தது. அது நாத்தனாருக்குத் தெரியாது.

ஆந்திரா எல்லைக்குள்ளே, பாலசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். செல்போனில் ஒரு கோடு டவர் வந்தாலே பெரிய விஷயம், அதுவும் மாடிப்படியில் நின்றால்தான். கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த நெட் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒழுங்காக வந்தது. மகள் கல்யாணமாகி வெளிநாடு போன கையோடு மாமா திருப்பதிக்குப் போய் வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே சனிக்கிழமை ராத்திரி, அவள் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிடுவாள். மாமா குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்து உட்காருவார். ஆனால் பம்ப் செட்டுக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கழனிக்கு நடையைக் கட்டிவிடுவார். "கரண்டுக்கு இன்னா மரியாத தர்றாரு பாரு, எனக்கில்ல" என்று அவள் அங்கே சிரிப்பாள்.

மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு கரும்பு வெட்டு நாளில். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே, புத்தூர் தாண்டியதும் முடிந்துவிட்டது. அப்போது நாத்தனார் மாசமாக இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. இந்த முறை படுக்கையை விட்டே அதிகம் எழக்கூடாது, அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தாராம். மாப்பிள்ளை போனில் என் கணவரிடம் அழுதார். எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் தலைவிரி கோலமாக எழுந்து வந்து, "அவளுக்குச் சொல்லாதீங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார். என்ன பார்த்துக்கொள்வார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கருமாதி முடியும்வரை இங்கே நெட் இல்லை என்று மாப்பிள்ளை அவளைச் சமாளித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிந்தது. தெருப் பெண்கள் கூடி அழுது, பூவை எடுத்து, பொட்டை அழித்து, தாலியை இறக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதே அத்தை அன்று காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, உங்கிட்ட ஸ்டிக்கர் பொட்டு இருக்குதா?" நான் ஸ்டிக்கர் அட்டையை எடுத்து நீட்டினேன். "குங்குமம் இல்லியே, ஸ்டிக்கர்தானே" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். எனக்கா, அவருக்கா, கடவுளுக்கா, தெரியாது. நான்தான் ஒட்டினேன். கொல்லையில் பூத்த கனகாம்பரத்தை நான்தான் வைத்தேன். வெறும் கழுத்து தெரியாமல் முந்தானையை இழுத்துவிட்டதும் நான்தான். அவர் முகம் கல்லாக இருந்தது. அந்தத் துணிச்சலுக்கு அன்று கும்பிடத் தோன்றியது, அதே சமயம் பயமாகவும் இருந்தது.

அப்புறம் வாரா வாரம் எங்கள் வீட்டில் சினிமா ஷூட்டிங்தான். மாலை போட்ட மாமாவின் படம் தெரியாமலிருக்க மேஜையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். வாசலில் ஒருவர் காவல், துக்கம் விசாரிக்க வருகிறவர்களை நிறுத்தி வைக்க. என் கணவர் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வார லீவை ஞாயிறுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு வந்து, மேஜைக்கு அடியில் நெட் ஒயர் பக்கத்தில் உட்காருவார். யாராவது வாய் தவறி உளறினால் பிடுங்கிவிட வேண்டும். அவர் வேலை அவ்வளவுதான், ஆனால் கைலியால் வியர்வையைத் துடைத்தபடியே இருப்பார்.

"நைனா எங்கம்மா?" அப்பாவைத் தேடும் அந்தக் கேள்விதான் எங்கள் எல்லாருக்கும் எமன்.

"கரண்டு வந்துடுச்சி, மோட்டாருக்குப் போய்க்கினு கீறாரு" என்பார் அத்தை. இந்த ஒரு பொய்யைத்தான் அவள் சந்தேகப்படாமல் நம்புவாள். "சரேலே", சரி போகட்டும் என்று தெலுங்கில் அலுத்துக்கொள்வாள். ஒரு வாரம், "இன்னிக்கு வர்ற வரைக்கும் நான் வெக்க மாட்டேன், முழிச்சிக்கினே இருப்பேன்" என்று அடம் பிடித்தாள். அத்தை சிரித்த முகம் மாறாமல் மேஜைக்கு அடியில் காலால் மகனை ஒரு உதை விட்டார். திரை அப்படியே நின்றுவிட்டது. கேபிள்காரருக்கு அடுத்த வாரம் நாத்தனாரிடம் கிடைத்த வசவு கொஞ்சமல்ல, பாவம் அவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சத்தியவேட்டிலிருந்து மாமாவின் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்குப் பெரியம்மா முறை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். தானும் சின்ன வயதிலேயே பொட்டு இழந்தவர். காவலுக்கு நின்ற பக்கத்து வீட்டு அக்காவால் அவரையா தடுக்க முடியும்? நேரே உள்ளே வந்துவிட்டார். கேமராவில் படாமல் கதவோரமாக நின்றதால் நாத்தனாருக்கு அவர் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தார். பூவும் பொட்டுமாகச் சிரிக்கிற அத்தையைப் பார்த்து அவர் வாய் திறந்தது.

நான் பச்சை விளக்கைக் காட்டினேன், கை கூப்பினேன், வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். திரையில் நாத்தனார் குழந்தை உதைப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை கண்ணை அங்கிருந்து எடுக்கவே இல்லை. "உதைக்கட்டும், உதைக்கட்டும், நல்லா துன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் மட்டும் லேசாகப் பிசிறியது. பெரியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பேச்சு முடிந்ததும் பிடித்துக்கொண்டார். "என் தம்பி போன ஈரம் கூட காயல, பூ வெச்சிக்கினு பல்ல காட்டுறியே, உனக்கு மனசு இன்னா கல்லா?"

அத்தை பொட்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "அவ வயித்துல அந்த உசுரு தங்கட்டும் அண்ணி. அப்புறம் என்ன வெட்டிப் போடுங்க" என்றார். பெரியம்மா சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் கிளம்பிப் போனார்.

குழந்தை பிறந்தது. பெண். தாயும் சேயும் நலம் என்று மாப்பிள்ளை போன் பண்ணினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாக மாமாவின் விஷயத்தையும் அவளிடம் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். ஒளிக்க ஒன்றுமில்லாததால் வீடு நிறைய ஆட்கள். பெரியம்மாவும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அத்தை முதல் தடவையாக வெறும் நெற்றியோடு கேமரா முன்னால் உட்கார்ந்தார்.

நாத்தனார் முகம் வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அப்படியே உறைந்து போனாள். "எத்தினி வாரம் மோட்டாரு மோட்டாருன்னு... எத்தினி பேரு சேந்து ஏமாத்துனீங்க! நைனா மொகத்த கடைசியா ஒருவாட்டி காட்டலியே நீ."

"ஆமா. நான்தான் சொல்ல வேணாம்னேன். என்னத் திட்டு" என்றார் அத்தை. வேறு எந்த நியாயமும் பேசவில்லை. அவள் அழுது ஓயும் வரை காத்திருந்தார். மேஜைக்கு அடியில் உட்கார இன்று யாருக்கும் அவசியமில்லை, ஆனாலும் என் கணவர் பழக்க தோஷத்தில் ஒயர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் அத்தை கேட்டார். "கொழந்தையக் காட்டும்மா."

"காட்ட மாட்டேன்."

இனி இந்தப் பெண் அம்மாவை மன்னிக்கவே மாட்டாள் என்று நினைத்தேன்.

"பொட்டு வெச்சிக்கினு வா. எம் பொண்ணு மொத தடவையா ஆயாவ இப்படியா பாக்கணும்?"

"அது உனக்காக வெச்சதுடி."

"இப்பவும் எனக்காகத்தான் கேக்குறேன்."

குழந்தை எங்கேயோ கேமராவுக்கு அந்தப் பக்கம் முனகியது. அந்தச் சத்தத்துக்கு அத்தை பாதி எழுந்துவிட்டார், பிறகு நின்றுவிட்டார். மகளுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வைத்த பொட்டு வேறு. நாலு பேர் பார்க்க வைக்கிற பொட்டு வேறு. எல்லார் கண்ணும் சுவரோரம் போனது. பெரியம்மா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "என்னாத்துக்கு நின்னுக்கினு கீற? சீக்கிரம் வெச்சிக்கினு வா. எந்தம்பி பேத்திய நானும் பாக்க வேணாமா?"

அத்தை சாமி மாடத்திலிருந்து குங்குமமே எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது எங்களையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது பெரியம்மாதான்.

இப்போது ஊரில் டவர் வந்துவிட்டது. அத்தையே செல்போனில் விரலை வைத்து மகளைக் கூப்பிடுகிறார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். பொட்டில்லாத ஆயாவை அவள் இன்றுவரை பார்த்ததில்லை.