மகளைக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

என் மகள் சிறுமியாக இருந்தபோது, போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் என்னோடு ஏறி இறங்குவாள். பாவாடையெல்லாம் ஏலக்காய் மணக்க, சாயங்காலம் "காலு நோவுதுப்பா" என்பாள். தைலம் தேய்த்துவிடுவேன்.

கல்யாணமாகி வெளிநாட்டில் இருப்பவள், சென்ற ஆண்டு ஊருக்கு வந்ததும் தோட்டத்தைச் சுற்றிவிட்டு, இடது கெண்டைக்கால் வீங்கி வலிப்பதாகச் சொன்னாள். "மேடு ஏறுன வலிதான் ஆத்தா" என்று, பழைய ஆசையில் இரண்டு நாள் தைலம் தேய்த்தேன். வீக்கம் கூடியதால் போடியில் டாக்டரிடம் போனோம்.

"என்ன மருந்து எடுக்குறீங்கம்மா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். மகள் தலைகுனிந்தாள்.

"ஐயா, கொஞ்சம் வெளியே இருங்க" என்றார் அவர்.

தனியாக டாக்டரிடம் சொன்னதைப் பிறகு மகளே என்னிடமும் சொன்னாள். கர்ப்பத்தடைக்காக வாரம் ஒரு ஒட்டு மருந்தைத் தோலில் ஒட்டிவந்தாளாம். அதனால் சிலருக்குக் கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகுமாம். நீண்ட விமானப் பயணமும் சேர்ந்துகொண்டதாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாமாம். நல்லவேளையாக, அந்த ஒட்டு மருந்தை எடுக்கச் சொல்லி, மருந்து கொடுத்து அவளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

"டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"எனக்கும் சேத்து நீங்களே பதில் சொல்லிட்டீகளேப்பா!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதெல்லாம் வீட்டுப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் கேட்கத் தொடங்குமுன் நானே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.